ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லாத ஊருக்கு வந்த விருந்தாளிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. ஆவணி பிறந்துவிட்டால் தீபாவளி ஆர்டருக்காக வெளியூர் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். எடை போட்டு, டச் (வெள்ளியின் தரம்) பார்த்து, கூலி பேசி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். அப்புறம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ராத்திரி எங்கே சாப்பிடலாம்? இருபது வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி, யாரை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எனக்கு ஒரு ரூட்டே உண்டு. போன ஆவணியில் மகாராஷ்டிராவின் நாசிக்கிலிருந்து வந்த வியாபாரி அதைக் கலைத்துவிட்டார்.

அவர் மனைவியோடு வந்திருந்தார். அவர் கறி மீன் எல்லாம் சாப்பிடுவார், அந்த அம்மா சுத்த சைவம். நல்லதாக ஒரு ஒயின் பார் சொல்லுங்கள் என்றார்கள். நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டம் ஏக்கர் ஏக்கராகக் கிடக்கிறது. சூலா மாதிரி ஒயின் கம்பெனிகள் தோட்டத்துக்கு நடுவிலேயே ஆட்களை உட்காரவைத்து ஊற்றிக் கொடுக்கின்றன. நமக்கு மேட்டூருக்குப் போனால் மீன் வறுவல் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

"எங்க ஊர்ல ஒயின் ஷாப் நிறைய இருக்கு, ஒயின்தான் இருக்காது" என்று எனக்குத் தெரிந்த வியாபார இந்தியில் சொன்னேன். அந்த இந்தியில் எடை, சேதாரம், பாக்கி மூன்றும் நன்றாக வரும், நகைச்சுவை வராது. அவர்கள் சிரிக்கவில்லை.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். தனியார் கடை நடத்திய காலத்தில் பலகையில் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். 2003 கடைசியில் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்ட பிறகும் வாயில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே பெரும்பாலும் பிராந்தி, ரம், விஸ்கி, பீர்தான். பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுவார்கள். பக்கத்து பாரில் பிளாஸ்டிக் டம்ளரும் சுண்டலும் கிடைக்கும். குடும்பத்தோடு வந்தவர்களை அங்கே கூட்டிப் போக முடியாது. தனியாக வந்தவர்களையும் நான் கூட்டிப் போனதில்லை.

இன்னொன்று. இந்தச் சேலம் மதுவிலக்கின் தாய்வீடு. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். சென்னை மாகாணத்துக்குப் பிரதமர் (இப்போதைய முதல்வர் மாதிரி) ஆனதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது இந்தச் சேலம் ஜில்லாவில்தான். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார்கள். ஆக, என் தாத்தா காலத்தில் கள்ளும் போச்சு, வரியும் வந்துச்சு. நாசிக்காரரிடம் இதைச் சொன்னபோது வியாபாரிக்கு வியாபாரி என்ற முறையில் அந்த வரிக் கதைக்கு மட்டும் தலையாட்டினார்.

சரி, ஒயின் கிடைக்கிற இடம் என்றால் பெரிய ஓட்டல்களின் பார்தான். சேலத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல்கள் நாலைந்து வந்துவிட்டன. ஊருக்குள் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம், சாப்பாடு நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் பார் என்றால் அவர்களுக்கும் இருட்டு, ஏசி, கிரிக்கெட் ஓடுகிற டிவி இந்த மூன்றும்தான். உள்ளே நுழைந்ததும் எதிரில் இருப்பவர் முகம் தெரிய இரண்டு நிமிஷம் ஆனது. மெனு கார்டில் எட்டு ஒயின் பெயர் இருந்தது. கேட்டதில் இருந்தது இரண்டு, ஒரு ரெட், ஒரு ஒயிட்.

ரெட் வந்தது. கண்ணாடி டம்ளரில் பனி பூத்திருந்தது. அந்த அம்மா சுழற்றி, மோந்து பார்த்து, குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். பையனைக் கூப்பிட்டு பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்டார். அவன் நல்ல பையன். "ஒரு வாரம் இருக்கும் மேடம். இங்க யாரும் இதக் கேக்க மாட்டாங்க" என்றான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கிளாஸ் 450 ரூபாய், அது வேறு.

அப்புறம் அந்த அம்மாவே எனக்குப் பாடம் எடுத்தார். திறந்த ரெட் ஒயின் மூன்று நாலு நாள்தான் தாங்கும். காற்றுப் பட்டதும் புளிக்கத் தொடங்கிவிடும், ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ரெட் ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பார்களாம். அந்த அறை ஏதோ குளிர் தேசத்து அறை. சித்திரை மாதச் சேலத்து அறையில் வைத்தால் கஷாயம்தான். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதுமாம். ஒயிட் என்றால் நன்றாகவே குளிர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே சேலத்தில் ஒயின் கேட்கிறவர்கள் கிளாஸ் கணக்கில் கேட்காதீர்கள். 375 மில்லி அரை பாட்டில் இருக்கிறதா என்று கேட்டு, கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம், ஒயிட்டில் இருந்தது. தொட்டுக்கொள்ள பெப்பர் சிக்கனும் சில்லி கோபியும் சொல்லாதீர்கள். அந்தக் காரத்துக்கு முன்னால் ஒயின் வெறும் தண்ணீர். வறுத்த முந்திரியும் காரம் குறைத்த பனீர் டிக்காவும் சரியாக இருந்தன. நான் ஃபிரெஷ் லைம் சோடா. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எதையும் சுழற்றி மோந்து பார்க்கிற நிலையில் இல்லை. 21 வயது ஆகாதவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாட்களில் ஓட்டல் பாரும் மூடித்தான் இருக்கும். ஒருமுறை ஹைதராபாத் வியாபாரி ஒருவர் சரியாகக் காந்தி ஜெயந்தி அன்று வந்து இறங்கி, என் மேல் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவருக்குக் கறிச்சாப்பாடு. சேலத்தில் இதற்கு மெஸ்தான். வெளியூர்க்காரர்கள் செல்வி மெஸ் பெயரை விசாரித்துக்கொண்டே வருவார்கள், தப்பில்லை, போகலாம். ஆனால் பெயர் பெற்ற மெஸ் எதுவானாலும் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போய் மூளை இருக்கா, தலைக்கறி இருக்கா என்று கேட்டால் குழம்புதான் இருக்கும். இலை போட்டதும் தட்டில் வைத்து எல்லா அயிட்டத்தையும் கண் முன்னால் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பில் எகிறிவிடும். சோற்றுக்குக் கறிக்குழம்பு முதலில், கோழிக்குழம்பு அப்புறம், மீன்குழம்பு கடைசி. ரசத்தைத் தாண்டி மீன்குழம்புக்குத் திரும்பிப் போகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. நாசிக்காரர் போனார்.

அந்த அம்மாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. சோறு, ரசம், மோர், ஒரு பொரியல். பொறுமையாகச் சாப்பிட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, இலை எப்போது மூடும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். நம்மூர் மெஸ்ஸில் அது மரியாதைக் குறைவு இல்லை, வரிசை அப்படி. அவர் முதுகில் அந்தப் பார்வை குத்தியிருக்கிறது. பாதி மோரில் எழுந்துவிட்டார்.

சாயங்காலம் அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்று தட்டுவடை செட்டுக்குக் கூட்டிப் போனேன்.

எந்த ஊர்க்காரர் கேட்டாலும், சேலத்தில் ஒரே ஒரு பொருள்தான் சாப்பிட முடியும் என்றால் அது இதுதான் என்பேன். அம்மாப்பேட்டை, குகை, பட்டைக்கோயில், எங்கள் செவ்வாய்ப்பேட்டை என்று பழைய சேலம் முழுக்கத் தள்ளுவண்டிகள் உண்டு. புது பஸ் ஸ்டாண்டு பக்கமும் ஃபேர்லேண்ட்ஸிலும் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் வந்திருக்கின்றன. சுத்தம் அங்கே கூடுதல், சட்னி இங்கே கூடுதல். நான் போகும் வண்டியில் ஓர் அக்கா, கூட அவர் மகன். ஐந்து மணிக்கு லைட் போடுவார்கள், எட்டரைக்கு காரட் தீர்ந்துவிடும், கடை முடிந்தது.

தட்டில் உள்ளங்கை அளவு கூட இல்லாத தட்டுவடை ஐந்து. ஒவ்வொன்றின் மேலும் பச்சைச் சட்னி ஒரு தீற்று, அதன் மேல் துருவிய பீட்ரூட், காரட், பொடியாக அரிந்த வெங்காயம் ஒரு பிடி. அதற்கு மேல் பூண்டு மணக்கும் சிவப்புக் காரச் சட்னி. மேலே இன்னொரு தட்டுவடை வைத்து ஒரு அழுத்து. கை ஓடுவதைப் பார்த்தால் எங்கள் பட்டறையில் கண்ணி கோர்க்கிற பெண்கள் ஞாபகம் வரும். அக்கா நிமிர்ந்து பார்க்காமலே "காரம் தூக்கலாங்களாண்ணா, கம்மிங்களா?" என்பார். வெளியூர்க்காரர்கள் கம்மி என்று சொல்லுங்கள். அவர் கம்மி நமக்கு நடுத்தரம்.

இதைக் கடித்துச் சாப்பிடக் கூடாது. கடித்தால் பாதி சட்டையில், பாதி ரோட்டில். முழுசாக வாயில் போட்டு மூட வேண்டும். முதலில் தட்டுவடை உடைகிற சத்தம் காதுக்குள் கேட்கும், அப்புறம் பீட்ரூட்டின் தித்திப்பு, கடைசியில் பூண்டுக் காரம் மூக்கில் ஏறும். எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள். சட்னி ஊறிவிட்டால் தட்டுவடை அப்பளம் மாதிரி தொங்கிவிடும். அதனால் பார்சல் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சட்னி தனி, காய் தனி, தட்டுவடை தனி.

இதில் வகைகள் நிறைய. தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவல் சேர்ந்த செட். எல்லாவற்றையும் நொறுக்கிப் போட்டுக் காயும் சட்னியும் கலந்தால் நொறுக்கல், அதில் அவித்த முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல். ஒரு தட்டு 30, 40 ரூபாய்க்குள் முடிந்துவிடும். முந்தின நாள் ஒரு கிளாஸ் ஒயினை வேண்டாம் என்று கீழே வைத்த காசுக்கு இங்கே பத்துப் பேர் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன், வெளியே சொல்லவில்லை.

அந்த அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார். "எங்க சேவ் பூரி மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சேவ் பூரியில் புளியும் வெல்லமும் போட்டு இனிப்புச் சட்னி ஊற்றுவார்கள், இதில் அந்த வேலையே கிடையாது. அவர்கள் பூரி காற்று மாதிரி. நம் தட்டுவடை அரிசி மாவில் கடலைப்பருப்பும் மிளகாயும் போட்டுத் தட்டியது, பல்லுக்கு வேலை கொடுக்கும். வெள்ளி வியாபாரத்துக்கு சேட்டுகள் வந்து குடியேறிய தெரு என்பதால் அந்தக் கை கொஞ்சம் பட்டிருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நான் ஒத்துக்கொண்டதில்லை.

அப்போதுதான் அந்த அம்மா அதைக் கேட்டார். கையில் காலித் தட்டோடு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்கே உட்காருவது?" என்றார். அக்காவின் மகன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து சாக்கடை மூடி மேல் போட்டான்.

ராத்திரி அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர்களுக்கு ஒயின் முக்கியம் இல்லை. ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, யாரும் விரட்டாமல், இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது, தின்பது. அதற்கு அவர்கள் ஊரில் ஒயின் பார் என்று பெயர். சேலத்தில் ருசிக்குக் குறைவில்லை. உட்காரத்தான் இடம் இல்லை. மெஸ்ஸில் பின்னால் ஆள் நிற்கும். வண்டியில் நாமே நிற்போம். பாரில் உட்காரலாம், ஆனால் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. நாங்கள் வேலைக்கு நடுவில் சாப்பிடுகிற ஊர். நெசவும் வெள்ளியும் ஜவ்வரிசியும் ஓடுகிற ஊரில் யார் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள்?

அவர் கணவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அன்று ராத்திரி பரோட்டாக் கடையில் எசன்ஸ் தோசை இரண்டு சாப்பிட்டார். கறிக்குழம்பின் கெட்டிச் சாற்றைக் கல்லில் கிடக்கும் தோசை மேலேயே ஊற்றித் தேய்த்து முறுக விடுவார்கள். வேறு ஊரில் போய்க் கேட்டால் எசன்ஸா, எந்த எசன்ஸ் என்று முழிப்பார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரையும் ஏற்காட்டுக்குக் கிளப்பினேன். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, 1930களில் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த ஸ்டுடியோ. இந்திக்காரர்களும் அங்கே இறங்கி போட்டோ எடுத்துக்கொள்வார்கள், இவர்களும் எடுத்தார்கள்.

ஏற்காட்டிலும் பெரிய ரிசார்ட்டுகளில் பார் உண்டு, ஒயினும் கிடைக்கும். ராத்திரி அங்கேயே தங்குவதாக இருந்தால் மட்டும் போங்கள். குடித்துவிட்டு அந்த 20 வளைவில் இறங்குகிற வேலை வேண்டவே வேண்டாம். ரிசார்ட் சாப்பாடு எங்கேயும் கிடைக்கிற சாப்பாடுதான், மலைக்கு ஏறிய கூலி மட்டும் பில்லில் சேர்ந்திருக்கும்.

நான் கூட்டிப் போனது ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற காப்பிக் கடை. தகரக் கூரை, மூன்று பெஞ்சு. பக்கத்தில் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820களில் வந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. இன்றைக்கும் இங்கே விளைவது பெரும்பாலும் அராபிகாதான். நிழலிலேயே வளர்வதால் பழம் நிதானமாகப் பழுக்கும், கசப்பு குறைவு, லேசாக ஒரு புளிப்பு இருக்கும். சிக்கரி போட்டால் அந்தப் புளிப்பு ஓடிப்போய்விடும். அதனால் கடைக்காரரிடம் "அண்ணா, சிக்கரி இல்லாத டிகாக்‌ஷன் தனியாப் போடுங்க, பால் அப்புறம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் போட்டார்.

அந்த அம்மா டம்ளரை வாங்கினார். பழக்கதோஷம், லேசாகச் சுழற்றினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கடைக்காரர் பயந்துபோய் "என்னங்கண்ணா, பூச்சி கீச்சி விழுந்துருச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை, யாரும் எழுந்து போகவும் முடியாது. மிளகாய் பஜ்ஜி வந்தது, பிரெட் ஆம்லெட் நாசிக்காரருக்கு மட்டும் வந்தது. மூன்று சுற்று காப்பி. இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறோம், அவருக்கு ஒரு மகன் இருந்து தவறிப்போனான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பில் 300 ரூபாய் கூட வரவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமையும் மே மாதக் கோடை விழா நாட்களும் ஏற்காடு ஏற்காடாக இருக்காது, அயோத்தியாப்பட்டணம் சந்தை மாதிரி இருக்கும். வார நாளில் காலையிலேயே ஏறிவிடுங்கள். காப்பித்தூள் வாங்கினால் கொட்டையாகப் பார்த்து, கண் முன்னால் அரைக்கச் சொல்லி வாங்குங்கள். பீப்ரி கேட்டு வாங்கலாம், ஒற்றைக் கொட்டை, விலை கொஞ்சம் கூடுதல். பாக்கெட்டில் கிடப்பதில் எது இந்த மலைக் கொட்டை என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த அம்மா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

வருகிற வைகாசியில் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாம்பழ நேரம். மல்கோவாவும் குண்டும் இமாம்பசந்தும் கடைவீதியில் குவிந்திருக்கும். அதையும் நின்றுகொண்டு சாப்பிட முடியாது, சாறு முழங்கை வரைக்கும் ஒழுகும். பட்டறை மொட்டைமாடியில் ஒரு மடக்கு மேசையும் நாலு நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறேன். மேசை கொஞ்சம் ஆடுகிறது, காலுக்கு அட்டை மடித்து வைக்க வேண்டும்.